12 பாத்திகளும் ஒரு துணிகோவையும்: சிறிய தோட்டத்தில் பெரிய பரிசோதனை செய்யலாமா?

08.01.2024, மாலை 6.20 (வினா)

விவசாயத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மாமாவின் தோட்டத்தில் இரண்டு பரப்புக் காணி கிடைத்திருக்கிறது. அதில் 12 பாத்திகள்தான் கட்டலாம். சின்ன வெங்காயத்துக்கு நைதரசன் அளவு, இறைப்பு இடைவெளி, நடுகை இடைவெளி ஆகிய மூன்றையும் மும்மூன்று மட்டங்களில் பார்க்க விரும்புகிறேன். மொத்தம் 27 சேர்க்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று மீள்செய்கையும் வேண்டுமென்றால் 81 பாத்திகள். அந்த 27 இலிருந்து சிறந்த 12 ஐக் கணினியே தெரிவு செய்து தரும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா, அல்லது மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கித் தரும் வேலையா?

08.01.2024, இரவு 9.45 (விடை)

உண்மைதான். 27 இலிருந்து 12 ஐத் தெரிவு செய்ய 17,383,860 வழிகள் உள்ளன. ஒவ்வொரு தெரிவுக்கும் ஓர் எண்ணைக் கணித்து, எதற்கு அந்த எண் மிகப் பெரிதாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்வதே கணினியின் வேலை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு நிரையை ஒதுக்கி, அதில் மூன்று காரணிகளின் பெறுமானங்களையும், அவற்றின் வர்க்கங்களையும், இரண்டிரண்டாகப் பெருக்கியவற்றையும், தொடக்கத்தில் ஓர் ஒன்றையும் எழுதினால் 12 நிரைகளும் 10 நிரல்களும் கொண்ட தாயம் கிடைக்கும். நிரைகளை நிரல்களாகத் திருப்பி எழுதிய அதே தாயத்தால் இதனைப் பெருக்கினால் 10க்கு 10 சதுரத் தாயம் ஒன்று வரும். அதன் துணிகோவையே நமக்கு வேண்டிய எண். (தமிழ்நாட்டு நூல்களில் படித்தவர்கள் தாயத்தை அணி என்றும், துணிகோவையை அணிக்கோவை என்றும் மாற்றி வாசித்துக்கொள்க.) துணிகோவை பெரிதாகப் பெரிதாக, பத்து நிரல்களுக்கும் உரிய பத்துக் குணகங்களையும் சேர்த்து மதிப்பிடுவதில் உள்ள ஐயத்தின் பரப்பு சுருங்குகிறது. இந்த அளவுகோலுக்கு டி-உத்தமம் என்று பெயர். 1950களில் கீஃபர் தொடங்கிவைத்த துறை இது; அவர் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர்.

இதை முதன்முதலில் படித்தபோது என்னைத் திகைக்க வைத்தது, இந்தக் கணக்கில் விளைச்சல் எங்குமே வராததுதான். மண்ணில் ஒரு வெங்காயத்தையும் ஊன்றாமல், எந்தப் பரிசோதனை கூடுதலாகச் சொல்லும், எது குறைவாகச் சொல்லும் என்று மேசையிலிருந்தே ஒப்பிட்டுவிடலாம்.

08.01.2024, இரவு 10.30

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். மட்டங்களை "எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்" என்று பரப்பி வைக்கும் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள்.

நைதரசனை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹெக்டேயருக்கு 0 முதல் 150 கிலோ வரை. 12 பாத்திகளை 0, 30, 60, 90, 120, 150 என்று ஆறு மட்டங்களில் இரண்டிரண்டாக வைத்தால், 75 என்ற நடுவிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 31,500. அதே 12 ஐ 0 இல் ஆறும் 150 இல் ஆறுமாக வைத்தால் கூட்டுத்தொகை 67,500. நேர்கோட்டின் படித்திறனில் (சாய்வில்) உள்ள மாறற்றிறன், அதாவது மதிப்பீடு எவ்வளவு சிதறும் என்ற அளவு, இந்தக் கூட்டுத்தொகைக்கு நேர்மாறானது. ஆகவே அழகாகப் பரப்பிய 12 பாத்திகள் ஓரங்களில் வைத்த 5.6 பாத்திகளுக்குத்தான் சமம். மீதி ஆறு பாத்திகளுக்கும் கொத்தி, நட்டு, இறைத்து, களை பிடுங்கிய கூலி வாய்க்காலோடு போயிற்று.

ஓரங்களில் வையுங்கள்.

10.01.2024, காலை 6.05

தனிமடலில் ஒருவர், "பாத்தி வேண்டாம், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்று தாருங்கள்" என்று கேட்டிருந்தார். நகைக்கடைத் தராசு நல்ல உதாரணம். கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்றில் இரண்டு தட்டுத் தராசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோதிரம், தோடு, பதக்கம், காப்பு என நான்கு பொருள்கள். நான்கு முறை மட்டுமே நிறுக்க அனுமதி. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தால், தராசின் வழு முழுவதும் ஒவ்வொரு விடையிலும் அப்படியே இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் முறை நான்கையும் ஒரே தட்டில் வையுங்கள். இரண்டாம் முறை மோதிரமும் பதக்கமும் ஒரு தட்டு, தோடும் காப்பும் மறு தட்டு. மூன்றாம் முறை மோதிரமும் தோடும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். நான்காம் முறை மோதிரமும் காப்பும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். மோதிரம் இருக்கும் தட்டை நேராகவும் மற்றத் தட்டை மறையாகவும் கொண்டு நான்கு விடைகளையும் கூட்டினால், மற்ற மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, மோதிரத்தின் நிறையின் நான்கு மடங்கு எஞ்சும். நான்கால் வகுத்தால் மாறற்றிறன் கால்வாசி. குறிகளை மாற்றிக் கூட்டினால் மற்றப் பொருள்களுக்கும் அப்படியே. வேலை அதே நான்கு நிறுவைதான். தனித்தனியே நிறுத்து இதே துல்லியத்தைப் பெற 16 நிறுவைகள் தேவை.

1935 இல் யேட்ஸ் என்ற புள்ளிவிபரவியலாளர் இந்த எண்ணத்தைத் தொட்டார். 1944 இல் ஹோட்டலிங் இதனைத் தனிச் சிக்கலாகவே வகுத்தார். இந்த ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் கூட்டல் கழித்தல் சதுரத்துக்கு, துணிகோவை எவ்வளவு பெரிதாகலாம் என்று 1893 இல் எல்லை கண்ட ஹடமார்ட் என்பவரின் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பொருளை நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் மற்றவற்றையும் சேர்த்தே நிறுக்கிறோம். பாத்திகளிலும் மூன்று காரணிகளைச் சேர்த்தே மாற்றுவதன் இலாபம் இதுதான்.

13.01.2024, இரவு 8.50

8ஆம் திகதி இரவு எழுதியதை மீண்டும் வாசித்தேன். "ஓரங்களில் வையுங்கள்" என்றது, உயர்தர வகுப்பில் நேர்கோடுகளோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தியதால் வந்த துணிச்சல். பசளைக்கு வெங்காயம் தரும் விடை நேர்கோடு அன்று. ஓரளவுக்கு மேல் பசளை போட்டால் தாள் செழிக்கும், கிழங்கு செழிக்காது; இது எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். 0 இலும் 150 இலும் மட்டும் பார்த்தவர், நடுவில் விளைச்சல் உச்சிக்குப் போய் இறங்கியதை அறியவே மாட்டார்.

இருபடி வளையி என்று எடுத்துக்கொண்டால் டி-உத்தமம் 0, 75, 150 ஆகிய மூன்று மட்டங்களில் நான்கு நான்கு பாத்திகள் என்று சொல்கிறது. அதுதான் உச்சம் என்பதை எப்படி நம்புவது? மட்டங்களை -1, 0, 1 என்று குறித்துக்கொண்டால், எதிர்வுகூறலின் மாறற்றிறன், பாத்தி எண்ணிக்கையால் பெருக்கிய நிலையில், 3 இலிருந்து 4.5 தர x வர்க்கம் தர (1 கழி x வர்க்கம்) என்பதைக் கழித்தது என்று வருகிறது. மூன்று மட்டங்களிலும் அது சரியாக 3. இடையில் எங்கும் 3ஐத் தாண்டாது. பாதி வழியில் 2.16 தான். கீஃபரும் வுல்ஃபோவிட்சும் 1960 இல் நிறுவிய தேற்றம் சொல்வது இதைத்தான்: இந்த வளையி எங்கும் குணகங்களின் எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால், மேலே ஏற இடமில்லை. ஒரு பக்கத் தாளில் சரிபார்க்கலாம். நான் சரிபார்த்தது மின்வெட்டின்போது மெழுகுதிரி வெளிச்சத்தில்.

அதே அளவுகோலால் ஆறு மட்டப் பரவலை அளந்தால் வினைத்திறன், அதாவது உத்தமத்தோடு ஒப்பிட்ட பயன், 79 சதவீதம். ஆகவே அன்று "மீதி ஆறு பாத்திகளும் போயிற்று" என்று நான் அலறியது, இருபடிக்கு இரண்டரைப் பாத்தி நட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

14.01.2024, பிற்பகல் 2.10

மூன்று மட்ட விடையிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று புள்ளிகளின் ஊடாக எப்போதும் ஓர் இருபடி வளையி சரியாகவே செல்லும். எனவே உண்மை வளையி இருபடியாக இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனை வாய் திறவாது. தன் மாதிரி சரிதானா என்று கேட்கும் வசதியை விற்றுத்தான் உத்தமம் இந்தத் துல்லியத்தை வாங்குகிறது. பொக்ஸ் என்ற புள்ளிவிபரவியலாளர் 1982 இல் இந்த ஏ, டி, ஜி உத்தமங்களை "அகரவரிசை உத்தமம்" என்று பெயரிட்டு விமர்சித்ததற்கு இதுபோன்ற காரணங்கள் உண்டு.

0, 50, 100, 150 என்று நான்கு மட்டங்களில் மும்மூன்று பாத்திகள் வைத்தால் என்ன? கணக்கிட்டேன்: துணிகோவை உத்தமத்தின் 27இல் 20 பங்கு, குணகங்கள் மூன்று என்பதால் கனமூலம் எடுத்தால் வினைத்திறன் 90 சதவீதம். பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, "இருபடி சரிதானா" என்று கேட்கும் உரிமையை வாங்குகிறோம். எனக்கு இது மலிவான வியாபாரமாகத் தெரிகிறது.

உத்தம வடிவமைப்பை நிலத்தில் அப்படியே நடவேண்டிய கட்டாயம் இல்லை. நம் வசதிக்கும் ஐயத்துக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்று சொல்லும் அடிமட்டம் அது. மேற்பார்வையாளர் "ஏன் நான்கு மட்டம்?" என்று கேட்டால் இந்த 90 ஐக் காட்டலாம், வழக்கம் என்று சொல்வதைவிட அது நல்ல மறுமொழி.

15.01.2024, காலை 7.30

திருத்தம். "1950களில் கீஃபர் தொடங்கிவைத்த துறை" என்று எழுதியது பிழை. பெயர் சூட்டியவர் அவர். துணிகோவையை அளவுகோலாக வோல்ட் 1943 இலேயே பயன்படுத்தியிருக்கிறார். அதற்கும் முன்பு, 1918 இல், கேர்ஸ்டீன் சிமித் என்ற டென்மார்க்குப் பெண்மணி, இலண்டனில் கார்ல் பியர்சனின் மாணவியாக இருந்தபோது, பல்லுறுப்பு வளையிகளுக்கு நோக்கல்களை எங்கெங்கே எத்தனை வைக்கவேண்டும் என்று, எதிர்வுகூறலின் மிகப்பெரிய மாறற்றிறனைச் சிறிதாக்கும் நோக்கில், கணித்துப் 'பயோமெட்ரிக்கா' இதழில் வெளியிட்டார். 42 ஆண்டுகள் கழித்து வந்த தேற்றம் அவருடைய அளவுகோலும் துணிகோவையும் ஒரே விடையைத்தான் தரும் என்று நிறுவியது. சிமித் பின்னாளில் பாடசாலை ஆசிரியையாகப் போனார். அந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன், நானும் கரும்பலகைக்காரன்தான்.

பொங்கல் அலுவல்களுக்கு இடையே எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கவும்.

21.01.2024, இரவு 9.00

மூன்று காரணிக் கணக்குக்கு வருவோம். 17 மில்லியன் தெரிவுகளை இன்றைய கணினி ஒவ்வொன்றாகவே எண்ணிவிடும். ஆனால் நான்காவது காரணி ஒன்று சேர்ந்து 81 இலிருந்து 18 ஐத் தெரிவு செய்யவேண்டி வந்தால், வழிகளின் எண்ணிக்கை 18 இலக்கங்களுக்குப் போய்விடும். அப்போது எண்ணுவதை விட்டுவிட்டுத் தேடவேண்டும். ஃபெடரொவ் 1972 இல் தந்த வழி எளியது: எழுமாற்றாக ஒரு தொகுதியை எடுத்துக்கொள், உள்ளே இருக்கும் ஒன்றை இறக்கி வெளியே நிற்கும் ஒன்றை ஏற்று, துணிகோவையை மிகவும் கூட்டும் மாற்று எதுவோ அதைச் செய், மாற்றியும் கூடவில்லை என்ற நிலை வரும்வரை தொடர். பருத்தித்துறை மினிபஸ் நடத்துனர் ஒவ்வொரு தரிப்பிலும் செய்வதும் ஏறத்தாழ இதுதான், ஆனால் அவர் யாரையும் இறக்குவதில்லை. 1995 இல் மேயரும் நாக்ட்ஷைமும் இன்னும் சிறிய அடி வைத்தார்கள்: முழுச் சேர்க்கையையும் மாற்றாமல் ஒரு பாத்தியின் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது. காரணிகள் பல இருக்கும்போது அதுவே கைகொடுக்கும்.

ஆர் மொழியில் ஆல்ஜிடிசைன் என்ற பொதி இதை இலவசமாகவே செய்யும். ஓர் எச்சரிக்கை: ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்த விடையை நம்பக்கூடாது. இந்தத் தேடல் கிட்டிய மேட்டில் ஏறி நின்றுகொண்டு அதையே மலையுச்சி என்று சொல்லும். ஐம்பது வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி, மிகப் பெரிய துணிகோவையை எடுங்கள்.

22.01.2024, இரவு 10.15

நேற்று விட்ட ஒன்று. 27 சேர்க்கைகளையும் வேட்பாளர்களாக நிறுத்தவேண்டுமா? 150 கிலோ நைதரசனைப் போட்டுவிட்டு நீண்ட இடைவெளியில் இறைத்தால் பயிர் கருகும் என்று தெரிந்துகொண்டே அதற்கு ஒரு பாத்தியை ஒதுக்குவது வீண். அந்தச் சேர்க்கை மூன்று நடுகை இடைவெளிகளிலும் வருவதால் மூன்றையும் நீக்கிவிட்டால் 24 எஞ்சும், தெரிவுகள் 2,704,156. பழைய சமச்சீர் வடிவமைப்புகள் இப்படி மூலை வெட்டுப்பட்ட இடத்தில் பொருந்தமாட்டா. கணினித் தேடலுக்கு மூலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உத்தமமாக்கல் உண்மையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடம் இதுவே. சதுரமான இடத்தில் அது பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லும்.

மேல் எல்லையைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே போட்ட நைதரசனில் பயிர் எடுக்காதது நைத்திரேற்றாகக் கிணற்றுக்குத்தான் போகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் இது பழைய பிரச்சினை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். துணிகோவையைக் கேட்டால் மேல் மட்டத்தை 200 ஆக்கு, 300 ஆக்கு என்றுதான் சொல்லும். அதற்கு மாமாவின் கிணறும் தெரியாது, அயல் வீட்டுக் குழந்தையும் தெரியாது. எல்லையை நீங்கள்தான் போடவேண்டும்.

03.02.2024, மாலை 7.40

இன்று காலை உரும்பிராய்க்குப் போய்த் தோட்டத்தை நேரில் பார்த்தேன். இதுவரை எழுதியவற்றில் பாதியைத் திருப்பி எடுக்கவேண்டியிருக்கிறது.

கிணறு வடமேற்கு மூலையில். நீர்ப்பம்பியிலிருந்து வரும் தலைவாய்க்கால் மேற்கு எல்லையோடு போக, அதிலிருந்து நான்கு கிளைவாய்க்கால்கள் கிழக்கே பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பாத்திகள். கணினி தந்த அட்டவணையை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒரே வாய்க்காலில வாற தண்ணியை இந்தப் பாத்திக்கு மூண்டு நாளைக்கொருக்கா, பக்கத்துப் பாத்திக்கு ஆறு நாளைக்கொருக்கா எண்டு ஆர் நிண்டு மறிக்கிறது? மறிச்சாலும் கீழால ஊறும்."

அவர் குனிந்து வரம்பை விரலால் அழுத்திக் காட்டினார். நேற்று இறைத்த பாத்திக்கும் இறைக்காத பாத்திக்கும் நடுவிலிருந்த வரம்பு, இறைக்காத பக்கத்திலும் ஒரு சாண் அளவுக்கு நனைந்து கறுத்திருந்தது.

ஆகவே இறைப்பு இடைவெளியைப் பாத்திக்குப் பாத்தி மாற்ற முடியாது, கிளைவாய்க்காலுக்குக் கிளைவாய்க்கால்தான் மாற்றலாம். அப்படியென்றால் இறைப்பைப் பொறுத்தவரை இது 12 பாத்திப் பரிசோதனை அன்று, நான்கு அலகுப் பரிசோதனை. பிளவுப் பாத்தி என்று புத்தகங்களில் உள்ள அமைப்பு இது: பெரிய அலகுக்கு ஒரு வழு, சிறிய அலகுக்கு வேறொரு வழு. 12 ஐயும் சுயாதீனமானவை என்று கருதிக் கணித்த என் துணிகோவை, இல்லாத தகவலை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான்கு வாய்க்கால்களில் மூன்று இறைப்பு மட்டங்களை வைத்தால் இறைப்பின் வழுவை மதிப்பிட ஒரேயொரு சுயாதீனப் படிதான் (உதிரியாக எஞ்சும் ஒப்பீடு) மிஞ்சும். இரண்டு மட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்க்கால்கள் என்று குறைத்தால் இரண்டு மிஞ்சும். அதுவும் ஏழைக் கணக்குத்தான். ஆனாலும் பொய்க்கணக்கு அன்று.

04.02.2024, காலை 5.50

இரவு தூக்கம் வரவில்லை. தோட்டத்தைப் பார்க்காமல் மூன்று வாரங்கள் எழுதித் தள்ளியிருக்கிறேன். இதே பிழையை வேறு வடிவில் முன்னரும் ஒரு தடவை செய்தவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மிளகாய்ப் பரிசோதனைக்கு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். எக்செல் கோப்பு, பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று பசளை மட்டத்தின்படி ஏறுவரிசையில் அடுக்கி அனுப்பியிருந்தேன். அங்கிருந்தவர்கள் முதல் நிரையைக் கிணற்றடியில் தொடங்கி, கோப்பில் இருந்த வரிசையிலேயே நட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பசளை குறைந்தவை எல்லாம் கிணற்றுக்குக் கிட்ட, கூடியவை எல்லாம் தண்ணீர் சொட்டாகச் சேரும் கடைசியில். பசளையும் தூரமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது. வரைபு மட்டும் மிக அழகாக வந்தது: பசளை கூடக் கூட விளைச்சல் குறைந்தது! அறுவடை நாளில் அங்கே போய் நின்றபோதுதான் நடந்தது விளங்கிற்று. நட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். "சீட்டுக் குலுக்கி நடவும்" என்று ஒரு வரி எழுதாதது என் பிழை.

எந்தப் பரிகரிப்புகளை (மட்டச் சேர்க்கைகளை) நடுவது என்பதைத் துணிகோவை சொல்லலாம். அவற்றை எங்கே நடுவது என்பதைச் சீட்டுத்தான் சொல்லவேண்டும். புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் வயல்களில் எழுமாற்றாக்கலை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

11.02.2024, இரவு 8.20

நேற்றுப் பேசி முடிவெடுத்தோம். நடுகை இடைவெளியை இந்தப் போகத்தில் விட்டுவிடுவது. நைதரசன் நான்கு மட்டங்கள், பாத்திக்குப் பாத்தி. இறைப்பு இரண்டு மட்டங்கள், வாய்க்காலுக்கு வாய்க்கால். சிக்கல்: ஒரு வாய்க்காலில் மூன்று பாத்திகள்தான், மட்டங்களோ நான்கு.

நான்கு மட்டங்களையும் வெறும் வகைகளாகக் கொண்டு, மூன்று மூன்றாக நான்கு தொகுதிகளில் எப்படி அடைப்பது என்று கணினியிடம் விட்டேன். வந்த விடை: முதல் வாய்க்காலில் 0 இல்லை, இரண்டாவதில் 50 இல்லை, மூன்றாவதில் 100 இல்லை, நான்காவதில் 150 இல்லை. அவ்வளவுதான். எந்த இரண்டு மட்டங்களை எடுத்தாலும் அவை சரியாக இரண்டு வாய்க்கால்களில் சந்திக்கின்றன. யேட்ஸ் 1936 இல் எழுதிய, போஸ் 1939 இல் கல்கத்தாவிலிருந்து பெருந்தொகையாகக் கட்டிக்காட்டிய சமநிலைக் குறைத்தொகுதி வடிவமைப்பின் மிகச் சிறிய உறுப்பினர்களுள் ஒன்று. ஒரு சிறு பிள்ளைகூடத் தாளில் எழுதிவிடும். நான் அதற்குத் தேடல் நிரல் எழுதி, ஐம்பது தொடக்கங்கள் கொடுத்து, தேநீரும் குடித்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

வாய்க்கால் வேறுபாட்டை நீக்கும் விலை: எல்லா மட்டங்களும் ஒரே வாய்க்காலில் அடங்கும் முழுத் தொகுதியோடு ஒப்பிட்டால் வினைத்திறன் 9இல் 8 பங்கு. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஈரமும் மண்ணாழமும் மாறும் இந்தத் தோட்டத்தில் அது கொடுக்கவேண்டிய விலைதான். தெற்குப் பக்க வாய்க்காலில் மண்வெட்டி இரண்டு தடவை கல்லில் பட்டது.

18.02.2024, இரவு 9.30

நிரம்பிவிடும் வளையியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: விளைச்சல் ஓர் எல்லையை நோக்கி ஏறி அடங்கினால், அதாவது மிட்சர்லிக் வளையியாக இருந்தால், மட்டங்கள் எங்கே இருக்கவேண்டும்? இங்கே துறையின் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. அடுக்குக்குறியில் அமர்ந்திருந்து ஏறும் வேகத்தைச் சொல்லும் குணகத்தின் பெறுமானம் தெரிந்தால்தான் உத்தம மட்டங்களைக் கணிக்கலாம். அந்தப் பெறுமானத்தை அறியத்தான் பரிசோதனையே செய்கிறோம். கையில் உள்ள ஊகத்தை வைத்துக் கணிப்பதே வழி.

இரண்டு ஊகங்களுக்குக் கணித்தேன். இரண்டிலும் 0 உம் 150 உம் உண்டு. நடு மட்டம்தான் நகர்கிறது. ஒவ்வொரு கிலோவும் எல்லைக்கு எஞ்சியிருக்கும் இடைவெளியில் ஏறத்தாழ 1 சதவீதத்தை அடைக்கும் என்றால் நடு மட்டம் 57 கிலோ. 2 சதவீதம் என்றால் 42. இருபடிக்கு அது 75 ஆக இருந்தது. நம்முடைய 50 இந்த இரண்டு ஊகங்களுக்கும் நடுவில் வந்து விழுகிறது. நான்கு மட்டத் தெரிவை நான் ஜனவரி 14ஆம் திகதி வேறு காரணத்துக்காக எடுத்தேன், அது இந்தப் பக்கத்திலும் உதவுகிறது. திறமை என்று சொல்லமாட்டேன். அதிர்ஷ்டம்.

20.04.2024, காலை 9.10

வருடப்பிறப்புக் கழிந்து நடுகை முடிந்தது. சீட்டை மாமாதான் குலுக்கினார், பனையோலைப் பெட்டியில். இரண்டாம் வாய்க்காலில் 0, 100, 150 என்று ஏறுவரிசையிலேயே விழுந்தது. "இன்னொருக்காக் குலுக்குவமோ?" என்றார். வேண்டாம் என்றேன். மிளகாய் அட்டவணை நினைவுக்கு வந்தது, ஆனாலும் விழுந்ததை விழுந்தபடி விட்டோம்.

26.05.2024, மாலை 6.45

அயல் காணி மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மூன்றாம் வாய்க்காலில் ஒரு பாத்தியை மேய்ந்துவிட்டது. வினா கேட்ட மாணவி அழாக்குறையாகத் தொலைபேசியில் பேசினார். எந்த மட்டம் என்று கேட்டேன். 50 என்றார்.

வாய்க்கால் வேறுபாட்டைச் சற்று ஒதுக்கிவைத்து, இருபடி வளையிக்குக் கணக்கிட்டால், 50 அல்லது 100 இல் உள்ள ஒரு பாத்தி போனால் துணிகோவை 18.3 சதவீதம் குறைகிறது. 0 அல்லது 150 இல் உள்ள ஒன்று போயிருந்தால் 31.7 சதவீதம் குறைந்திருக்கும். 12 பாத்திகளின் இந்தப் பங்குகளையும் கூட்டினால் சரியாக 3 வரும், குணகங்களின் எண்ணிக்கை. இழப்பிலும் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது. மாடு உள் மட்டத்தைத் தெரிவு செய்ததற்கு அதற்கு ஒரு கட்டு வைக்கோல் கொடுக்கலாம்.

இரவு 8.30

மாமாவிடம் வேலியடைக்கச் சொன்னேன். கிடுகு ஐந்து பாத்திகளுக்குத்தான் காணும் என்கிறார். மாட்டுக்கு எது பிடிக்கும் என்று கேட்டதற்கு, "பச்சையாய் நிக்கிறதைத்தான் தின்னும், வேறென்ன?" என்றார். அப்படியானால் 150 போட்ட மூன்று பாத்திகளையும் முதலில் அடைக்கவேண்டும். கணக்கும் அதையே சொல்கிறது. மீதி இரண்டு பாத்திக்கான கிடுகையும் 0 பாத்திகளுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை காலை போய்ப் பார்ப்பேன்.